மேடைக்கு ஏற்ற பேஸ் பெட்டி



1951இல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன் பிரசிஷன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் ஒலியைத் தாங்கும்படியான ஒரு பெட்டி கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. அதுவரை மேடைகளில் தாழ்ந்த சுரங்களைக் கொடுத்துவந்தது ஆளுயர டபுள் பேஸ். அதற்கு அதன் மரவயிறே ஒலிப்பெட்டி. புதிய கருவிக்கோ வயிறே கிடையாது. ஒரு கட்டை, நான்கு கம்பிகள், ஒரு பிக்கப், அவ்வளவுதான். வயிற்றைத் தனியாகச் செய்து பின்னால் நிறுத்த வேண்டியிருந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இன்று 'கேப்' என்று சுருக்கிச் சொல்கிற ஸ்பீக்கர் கேபினெட்டின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

ஓராண்டு கழித்து ஃபெண்டர் நிறுவனமே பாஸ்மேன் என்ற ஆம்பைக் கொண்டுவந்தது. 26 வாட், 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. சில ஆண்டுகளிலேயே அதை மாற்றி, 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு வைத்து, பின்பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. பின்பக்கம் திறந்திருந்தால், தாழ்ந்த சுரங்களில் அந்த இரண்டு அலைகளும் பெட்டியைச் சுற்றிவந்து கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸுக்கென்றே பிறந்த அந்த ஆம்ப் கடைசியில் கிட்டார் வாசிப்பவர்களிடம்தான் பெரும்பெயர் வாங்கியது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962இல் செய்த முதல் ஆம்பே பாஸ்மேனின் சர்க்யூட்டை அடியொற்றியதுதான். ராக் கிட்டாருக்கு அது நல்ல காலம். பேஸ் வாசிப்பவர்களுக்குப் பெட்டிப் பிரச்சினை தீராமலே நின்றது.

இன்று பிரச்சினை வேறு உருவத்தில் நிற்கிறது. கடைக்குப் போனால் பெட்டிகள் குவிந்துகிடக்கின்றன. வாங்க வருகிறவர் பெரும்பாலும் இரண்டே கேள்விகள் கேட்கிறார்: எத்தனை அங்குலம், எத்தனை வாட்? ஒரு பெட்டியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண்கள் இந்த இரண்டும்தான். பெட்டியின் கொள்ளளவு, ஒரு வாட்டுக்கு அது எழுப்பும் ஒலி, அது நிற்கப்போகும் இடம், அதிலிருந்து வரும் ஒலி யார் காதுக்குப் போகவேண்டும் என்பது ஆகிய நான்கும்தான் மேடையில் வாசிப்பவரைக் காப்பாற்றுகின்றன, அல்லது கைவிடுகின்றன.

முதலில் பேஸ் எவ்வளவு ஆழத்துக்குப் போகிறது என்று பார்க்கலாம். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பியான 'இ', நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸின் 'பி' கம்பி 31 முறை. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். ஆனால் அந்தக் கம்பியை மீட்டும்போது பிறக்கும் ஒலியில் வலுவான பகுதி பெரும்பாலும் 41இல் இல்லை; அதன் இரட்டிப்பான 82இலும் அதற்கு மேலேயும்தான் இருக்கிறது. 82, 123, 164 என்று அடுக்கடுக்காக வரும் ஒலிகளைக் கேட்ட மூளை, அடியில் இருக்கவேண்டிய 41ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது.

இதற்குத் தமிழ் ரசிகர்களே சாட்சி. 1980களில் இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் போகும் போக்கை மனப்பாடமாக முணுமுணுத்தவர்களில் பெரும்பாலோர் அதைக் கேட்டது கையகல ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டரிலும் டேப் ரெக்கார்டரிலும். அந்த ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸை எழுப்பியிருக்க வழியே இல்லை. ஆனாலும் ஒரு சுரம் தவறாமல் அவர்களுக்குக் கேட்டது. ஆகவே, 'என் பெட்டி 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்' என்று பெருமை பேசும் விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. 80 முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரை ஒரு பெட்டி உறுதியாக நின்றால் பேஸ் தெளிவாகக் கேட்கும்.

இதைக் கண்முன் காட்டும் உதாரணம் ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. 1969இல் வந்த இந்த வால்வு ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப், 300 வாட் தந்தது. அந்தக் காலத்தில் பேஸ் ஆம்புகளில் அது கேள்விப்படாத அளவு. பில் ஹியூஸ், ராஜர் காக்ஸ் ஆகியோர் உருவாக்கிய இந்த ஆம்பின் முன்மாதிரிகள்தான் அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறின. அதற்கான பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு. ஆரம்ப காலத்து ஸ்பீக்கர்கள் அந்த 300 வாட்டைத் தாங்காது என்பதால், ஒரு ஹெட்டுக்கு அப்படி இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். அதாவது பதினாறு ஸ்பீக்கர்கள். உயரத்தையும் உருவத்தையும் பார்த்து வாசிப்பவர்கள் அதற்கு 'ஃப்ரிட்ஜ்' என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் வந்த எஸ்.வி.டி.-810இ என்ற பெட்டியின் எடை 63 கிலோ. இத்தனை பெரிய பெட்டி, நிறுவனமே சொல்லும் கணக்கின்படி, 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கி 40இல் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஆழத்தில் அது சாதனை செய்யவில்லை. ஆனால் ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் எழுப்புகிறது. காற்றை நெஞ்சில் மோதவைக்கும் அந்த 'கும்' என்ற வேகம் நடுவாந்தரத் தாழ்சுரங்களிலிருந்து வருவது. ராக் மேடைகளில் அரைநூற்றாண்டாக அந்தப் பெட்டி நின்றதற்கு அதுவே காரணம்.

அப்படியானால் அதே பலத்தை ஒரு சிறிய பெட்டியில் அடைக்க முடியாதா? இதற்குப் பதில் சொன்னவர் ஜோசஃப் ஆன்டன் ஹாஃப்மன். கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தை 1957இல் தொடங்கிய மூவரில் ஒருவர். புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஜோசஃப் ஹாஃப்மனின் மகன். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த சக்தியில் நிறைய ஒலி. இந்த மூன்றில் அதிகபட்சம் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும், மூன்றாவதை இழந்தாக வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் இதை இரும்பு விதி என்கிறார்கள். இதைத் தாண்டிய பெட்டி இன்றுவரை இல்லை. மூன்றும் இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால், எதை மறைக்கிறார்கள் என்று கேட்பதே நல்லது. ஃப்ரிட்ஜ் ஆழத்தையும் சிறுமையையும் விட்டுவிட்டு நிறைய ஒலியை எடுத்துக்கொண்டது. ஒரு கையில் தூக்கிப்போகும் இன்றைய 12 அங்குலப் பெட்டிகள் சிறுமையையும் ஓரளவு ஆழத்தையும் எடுத்துக்கொண்டு, நிறைய ஒலியை ஆம்பின் வாட்டிடம் கடன் கேட்கின்றன.

அங்குலக் கணக்குக்கு வருவோம். 15 அங்குலம் ஆழமாகப் போகும், 10 அங்குலம் துடிப்பாக இருக்கும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. 15 அங்குல கோனின் பயன்படும் பரப்பு சுமார் 850 சதுர சென்டிமீட்டர். 10 அங்குல கோனுக்கு அது சுமார் 340. நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களைச் சேர்த்தால் 1,360 ஆகிவிடுகிறது. அதாவது நான்கு பத்து ஒரே ஒரு பதினைந்தைவிட அதிகக் காற்றை அசைக்கிறது. கோன் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் நேர்த்தியாக ஓடுகிறது என்பதும், அதன் பின்னால் இருக்கும் பெட்டி எத்தனை லிட்டர் என்பதும் சேர்ந்தே ஆழத்தை முடிவுசெய்கின்றன. ஒரே சுரத்தை அதே உரப்போடு ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்க, கோன் நான்கு மடங்கு தூரம் ஓடவேண்டும். ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர் இதை மறக்கக்கூடாது. 'இ'யிலிருந்து 'பி'க்கு இறங்கினாலே அடிச்சுரத்துக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு ஓட்டம் தேவைப்படுகிறது.

'கீழே ஒரு பதினைந்து, மேலே நாலு பத்து' என்று இரண்டு வெவ்வேறு பெட்டிகளை அடுக்கும் வழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். இரண்டும் 8 ஓம் பெட்டிகள், ஆம்ப் மொத்தம் 300 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கு 150 வாட் போகிறது. மேல் பெட்டியில் அந்த 150 வாட்டை நான்கு ஸ்பீக்கர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒன்றுக்கு 37.5 வாட். கீழே இருக்கும் ஒற்றை ஸ்பீக்கர் முழு 150ஐயும் தனியாகச் சுமக்கிறது. மேல் பெட்டி இன்னும் சுகமாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்பெட்டி பிதற்றத் தொடங்கிவிடும். ஒரே தயாரிப்பில், ஒரே மாதிரியில் இரண்டு பெட்டிகள் வாங்குவதே எப்போதும் மேல். சின்ன ஹாலுக்கு ஒன்றை மட்டும் எடுத்துப்போகலாம். பெரிய மேடைக்கு இரண்டையும் சேர்த்தால், ஸ்பீக்கர் இரட்டிப்பதால் 3 டெசிபல், ஆம்ப் கூடுதல் வாட் தருவதால் இன்னொரு 3 டெசிபல் வரை கிடைக்கும்.

வாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பெட்டியின் பின்னால் 500 வாட் என்று எழுதியிருப்பது, வாய்ஸ் காயில் கருகாமல் தாங்கும் சூட்டின் அளவு. அது ஒலியின் அளவு அன்று. தாழ்ந்த சுரங்களில் அந்த அளவை எட்டுவதற்கு வெகுமுன்பே கோன் தன் ஓட்டத்தின் எல்லையை எட்டிவிடக்கூடும். உண்மையான செய்தி, பலர் படிக்காமல் விடும் இன்னொரு வரியில் இருக்கிறது: ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்ற வரி. 94 டெசிபல் பெட்டிக்கு 500 வாட் கொடுத்து வாங்கும் ஒலியை, 100 டெசிபல் பெட்டி 125 வாட்டிலேயே கொடுத்துவிடும். வாட்டை இரட்டித்தால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது 'கொஞ்சம் கூட' என்ற அளவுதான். ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்ற விவாதமும் உண்டு. முழுக்க மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று கோனைப் பிடித்து நிறுத்துகிறது; தாழ்சுரங்கள் மெதுவாகச் சரிகின்றன. போர்ட் எனப்படும் துளை வைத்த பெட்டி, கோனின் பின்னலையையும் ஒரு குறிப்பிட்ட சுரத்தின் அருகே பயன்படுத்திக்கொள்வதால், அதே உருவத்தில் கூடுதல் ஆழம் தருகிறது. முன்பெல்லாம் இந்தத் துளையைத் தச்சர்கள் கைப்பழக்கத்தில்தான் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்துச் செய்த பணியும் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தன. இன்று தனியாக விற்கும் பேஸ் ஸ்பீக்கர்களின் தாளில் பெரும்பாலும் தீல்-ஸ்மால் அளவுகள் இருக்கும். துளைப் பெட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சுருதி சேர்க்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் போய்விடும். கோன் கட்டில்லாமல் ஆடும். ஆம்பில் ஹை-பாஸ் ஃபில்டர் இருந்தால் 35, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது ஸ்பீக்கருக்கு ஆயுள் கூட்டும். கேட்பவருக்கு எதுவும் குறையாது.

இனி மேடைக்கு வருவோம். பேஸ் பெட்டியின் ஒலி யாருக்காக?

1974இல் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு ஒரு விடை சொன்னது. மேடைக்குப் பின்னால் கோட்டைச்சுவர் போல ஸ்பீக்கர்களை அடுக்கி, வாசிப்பவர்களும் ரசிகர்களும் அதே ஒலியைக் கேட்கும்படி செய்தார்கள். குழுவில் பேஸ் வாசித்த ஃபில் லெஷின் கிட்டாரில் நான்கு கம்பிகளுக்கும் தனித்தனி ஒலிவழியே இருந்தது. 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற அந்த அமைப்பை ஊர் ஊராக ஏற்றி இறக்க முடியாமல் அந்த ஆண்டு அக்டோபருக்குப் பிறகு கைவிட்டார்கள். ஒலியில் குறையிருந்து விட்டதல்ல. சுமையும் செலவும் தாங்காமல் விட்டது.

இன்றைய நிலைமை நேரெதிர். பேஸின் ஒலி, கருவியை நேராக மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் வழியாகப் போய், மேடைக்கு முன்னால் இருக்கும் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து கூட்டத்துக்குப் போகிறது. அப்படிப்பட்ட நிகழ்ச்சியில் மேடைப் பெட்டியின் கேட்போர் இருவரே: வாசிப்பவர், பக்கத்தில் இருக்கும் டிரம்மர். அங்கே ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் நிறுத்தினால், பாடுகிறவரின் மைக்குக்குள்ளும் பேஸ் புகுந்துவிடும். பேஸைக் குறைக்கும்படி சவுண்ட் இன்ஜினியர் கெஞ்சவேண்டி வரும். அந்த மேடைக்கு ஒரு 12 அங்குலமோ இரண்டு 10 அங்குலமோ உள்ள பெட்டி தாராளம். மாறாக, ஒரு ஓட்டல் அரங்கத்தில், பாடகருக்கு மட்டும் சின்ன ஸ்பீக்கர் செட் இருக்க, பேஸ் தன் பெட்டியிலிருந்தே நூறு பேருக்குப் போய்ச் சேரவேண்டும் என்றால், நான்கு பத்தோ அதற்கு இணையான இரண்டு பெட்டிகளோ இல்லாமல் டிரம்ஸோடு ஈடுகொடுக்க முடியாது. வாங்குவதற்கு முன் கடந்த ஒரு வருடத்தில் வாசித்த மேடைகளை எண்ணிப்பார்த்தால், எந்த வகை அதிகம் என்பது தெரிந்துவிடும். கனவில் வரும் மைதானத்துக்காகப் பெட்டி வாங்கியவர்கள் மாடிப்படியில் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைப்பதைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

பெட்டி நிற்கும் இடம், பெட்டியளவுக்கே முக்கியம். பெட்டியிலிருந்து பின்னால் போகும் தாழ்சுர அலை சுவரில் மோதித் திரும்பி வந்து முன்னலையோடு கலக்கிறது. ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், 86 ஹெர்ட்ஸ் அருகில் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்து அழிந்துவிடும். தடித்த கம்பியின் 'எஃப்' சுரத்தில் வலுவாக ஒலிக்கும் இரட்டிப்பு அதிர்வெண் இருப்பது அங்கேதான். வாசிப்பவர் தடித்த கம்பியில் 'இ', 'எஃப்', 'ஜி' என்று ஏறிப்போகும்போது, நடுவில் 'எஃப்' மட்டும் சட்டென்று மெலியும். விரலில் தவறு என்று நினைத்து அழுத்தி மீட்டுவார். பிறகு ஆம்பில் பேஸ் குமிழைத் திருகுவார். மற்ற சுரங்கள் எல்லாம் பருத்துப்போகும், 'எஃப்' மட்டும் அப்படியே இருக்கும். எந்தக் குமிழாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினால், அழிவு 200 ஹெர்ட்ஸுக்கு மேலே போய் வலுவிழக்கும். 'எஃப்' திரும்பி வந்துவிடும். பலகை மேடை தானே அதிர்ந்து உறுமினால், பெட்டிக்கடியில் கனமான ஃபோம் வைத்துப் பார்க்கலாம்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். தாழ்சுரங்கள் எல்லாப் பக்கமும் பரவும். விரல் நகரும் ஒலி, கம்பி தெறிக்கும் ஒலி போன்ற மேல்சுரங்கள் நேர்கோட்டில் போகும். முழங்கால் உயரத்தில் இருக்கும் பெட்டி அந்தத் தெளிவை வாசிப்பவரின் கால்சட்டைக்கு வாசித்துக் காட்டுகிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் ஒலியைக் கூட்டக் கூட்ட, எதிரே பத்தடி தள்ளி இருப்பவர் காதைப் பொத்துகிறார். பெட்டியை ஒரு ஸ்டூலில் ஏற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால், ஒலி பக்கவாட்டில் சமமாகப் பரவும். மேடையின் ஓரத்தில் நிற்பவருக்கும் கேட்கும். ஃப்ரிட்ஜை இத்தனை பேர் விரும்பியதற்கு, அதன் மேல் ஸ்பீக்கர்கள் காதுக்கு அருகே இருந்ததும் ஒரு காரணம்.

எடை விஷயத்தில் காலம் கருணை காட்டியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாகக் கண்டெடுத்த நியோடிமியம் காந்தம், பழைய ஃபெரைட் காந்தத்தின் வேலையைச் சிறு பங்கு எடையில் செய்கிறது. கிளாஸ் டி ஆம்புகள் வந்தபின் 500 வாட் ஹெட் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து, ஒருவரே ஒரே நடையில் ஆட்டோவில் ஏற்றிப்போகும் அளவுக்குப் பேஸ் செட்டைச் சுருக்கிவிட்டன. நியோடிமியம் பெட்டிக்கு விலை கூடத்தான். இருந்தாலும் முதுகுவலியோடு ஒப்பிட்டால் அந்தக் கூடுதல் பணம் செலவழிக்கத் தகுந்தது. காந்தத்தில் மிச்சம் பிடிக்கும் எடையைப் பலகையில் மிச்சம் பிடித்தால்தான் தவறு. மெல்லிய பலகையும் உள்ளே குறுக்குச் சட்டம் இல்லாத கட்டும் சேர்ந்தால் பெட்டியே கூடச் சேர்ந்து பாடும்.

ஸ்லாப் வாசிப்பவர்களுக்கு ஒரு சொல். லாரி கிரகாம் பரப்பிய அந்தப் பாணியில், கட்டைவிரல் தட்டும் ஓசையின் பளபளப்பு சில ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கிறது. மேல்சுரங்களுக்கென்று வைக்கும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் இல்லாத பழைய மாதிரிப் பெட்டி அதை விழுங்கிவிடும். ட்வீட்டர் உள்ள பெட்டி வாங்கினால், அதைக் குறைக்கவும் நிறுத்தவும் பின்னால் குமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிஸ்டார்ஷன் போடுகிறவருக்கு அந்த ட்வீட்டரே எரிச்சலூட்டும்.

கடைசியாக ஓம் கணக்கு. இதில் தவறினால் ஆம்பே போய்விடும். இரண்டு 8 ஓம் பெட்டிகளை ஆம்பில் இணைத்தால் மொத்தம் 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். 8உம் 4உம் கலந்தால் ஏறத்தாழ 2.7. பெரும்பாலான டிரான்சிஸ்டர், கிளாஸ் டி ஆம்புகளின் கீழ் எல்லை 4 ஓம். ஆகவே பின்னால் இன்னொரு பெட்டி சேர்க்கும் எண்ணம் இருப்பவர் முதல் பெட்டியை 8 ஓமாக வாங்க வேண்டும்; ஒன்றே போதும் என்பவர் 4 ஓம் வாங்கினால் ஆம்பின் முழு வாட்டும் கிடைக்கும். வால்வு ஆம்புக்கு விதி வேறு: ஓம் தேர்வுக் குமிழைப் பெட்டிக்கு ஒத்தபடி வைக்க வேண்டும், பெட்டி இணைக்காமல் ஒருபோதும் வாசிக்கக் கூடாது.

கடையில் சோதிக்கப் போகிறவர் தன் பேஸையும், முடிந்தால் தன் ஆம்பையும் எடுத்துப்போவது நல்லது. மெல்ல வாசித்து முடிவெடுக்கக் கூடாது. குறைந்த ஒலியில் தாழ்சுரங்களைக் காது சரியாக எடுத்துக்கொள்வதில்லை என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். டிரம்ஸோடு நிற்கும் அளவுக்குக் கூட்டி, தடித்த கம்பியில் ஒவ்வொரு கட்டமாக ஏறி, எந்தச் சுரத்திலாவது பெட்டி கடகடக்கிறதா, துளையில் காற்று சீறுகிறதா என்று கேட்க வேண்டும். பின் பேஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு ஐந்தாறு மீட்டர் நடந்துபோய் அங்கிருந்தும் கேட்க வேண்டும். வாங்கும்போதே ஸ்பீக்கருக்கென்று செய்த தடித்த ஒயரையும் சேர்த்து வாங்கிவிடவேண்டும், ஸ்பீக்கான் முனையோடு. கிட்டாருக்குப் போடும் மெல்லிய கம்பியுள்ள ஒயரும் பார்வைக்கு ஜாக் முனை வைத்த ஸ்பீக்கர் ஒயர் போலவே இருக்கும். நிகழ்ச்சி நடுவில் சூடேறி உருகுவதும் அதுதான்.